பக்கம் திருப்பு, பக்கத்துல இரு, போன் பண்ணு

எங்கள் கல்லூரியில் டோரீன் ஷ்வாபின் பெயர் ஒரு வினைச்சொல்லாக இருந்தது. சனிக்கிழமை விருந்து முடிந்த மறுநாள் சாப்பாட்டு மேசையில் பையன்கள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். "நேத்து அவன் மட்டையாயிட்டான்டா, டோரீன் போட்டு படுக்கவெச்சோம்" என்பார்கள். யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள். பல் தேய்த்தோம் என்பது போலச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

நான் மாணவர் நல அலுவலகத்தில் கடிதம் அடிப்பவள். பெயர் கார்லா. டோரீனின் மேசையும் என் மேசையும் ஒன்பது வருஷம் எதிரெதிரே கிடந்தன. அவளைப் பற்றி ஊரில் இப்போது இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்: உயிர் காத்தவள் என்று சிலர், உயிர் போகக் காரணமானவள் என்று சிலர். இரண்டுமே தப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் இந்த ஊர்க்காரிதான். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர். இருபத்தேழு வருஷம் மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தாள். முட்டி தேய்ந்து, நின்று வேலை செய்ய முடியாமல் போனபோது எங்கள் கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது. காரணம் இருந்தது. எங்கள் ஊரில் கல்லூரியைச் சுற்றிப் பதினோரு மாணவர் சங்க வீடுகள். வாசலுக்கு மேல் கிரேக்க எழுத்துகள், உள்ளே முப்பது நாற்பது பையன்கள் ஒன்றாகத் தங்கியிருப்பார்கள், ஒருவரையொருவர் சகோதரன் என்று சொல்லிக்கொள்வார்கள். புதிதாகச் சேருகிறவனை முதல் பருவம் முழுக்க ராகிங் செய்து, பிறகுதான் சகோதரனாக்குவார்கள். அந்தப் பருவத்தின் உச்சம், அண்ணன் இரவு. ஒவ்வொரு புதுப் பையனுக்கும் ஓர் அண்ணன் கிடைப்பான். அண்ணன் ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பான். அண்ணனுக்கு அவன் அண்ணன் கொடுத்த அதே சரக்கு. குடும்பப் பாட்டில் என்று பெயர். விடிவதற்குள் அதைக் காலி செய்தால்தான் தம்பி.

"குடும்பமாம் குடும்பம்," என்பாள் டோரீன். "எந்தக் குடும்பத்துல பதினெட்டு வயசுப் புள்ளைக்கு ஒரு பாட்டில் விஸ்கியக் குடுத்து முடின்னு சொல்றாங்க?"

இதைத் தடுக்கக் கல்லூரி வைத்திருந்ததெல்லாம் சுவரொட்டிகளும் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சையும்தான். இருபது கேள்வி, எல்லாவற்றுக்கும் மூன்றாவது விடையை அமுக்கினால் தேறிவிடலாம் என்று பையன்களுக்குத் தெரியும். டோரீன் வந்த முதல் மாதமே டீன் ப்ராஸ்னனிடம் போய் நின்றாள். "நான் வீடு வீடா போறேன். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் குடுங்க. குடிக்காதேன்னு சொல்லமாட்டேன். சொன்னா கேக்கவா போறானுங்க. சாகாம இருக்க என்ன செய்யணுமோ அதச் சொல்றேன்."

அப்படித்தான் அந்த வகுப்பு தொடங்கியது. ஒவ்வொரு செப்டம்பரும், இரவுச் சாப்பாடு ஆனதும், கூடத்தில் எல்லோரையும் தரையில் உட்கார வைப்பாள். வீட்டிலேயே பெரிய உடம்புக்காரனைப் பார்த்து, "வா கண்ணு, நீதான் இன்னிக்கு செத்துப்போகப் போற," என்று கம்பளத்தில் படுக்க வைப்பாள். போதையில் மல்லாந்து படுத்தவன் வாந்தியெடுத்தால் அது தொண்டையில் அடைத்துச் சாவான். ஆகவே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். திரும்பவும் மல்லாந்துவிடாமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தாள். அவனுடைய கல்லூரிப் பையில் தடித்த புத்தகங்களை அடைத்து முதுகில் மாட்டி, பட்டையை இறுக்கிவிடுவாள். பிறகு அவன் புரள நினைத்தாலும் புரள முடியாது. ஆமை கவிழ்ந்த மாதிரி அவன் கையை காலை ஆட்ட, கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்போடு மூன்று வார்த்தையைச் சொல்லவைப்பாள்.

"பக்கம் திருப்பு. பக்கத்துல இரு. போன் பண்ணு."

மூன்றாவதுதான் முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் பார்த்த குடிபோதைப் பிணங்களில் பாதி, யாரும் போன் பண்ணாததால் வந்தவை. ஆகவே கடைசிக் கால் மணி நேரம் அதைத்தான் பேசுவாள். "ஆம்புலன்ஸக் கூப்பிடு. கூப்பிட்டா ஒனக்கு ஒண்ணும் ஆகாது. வயசு வராம குடிச்சதுக்குக்கூடக் கேஸு இல்ல, சட்டமே அப்படித்தான் சொல்லுது. எம்மேல சத்தியமா ஒண்ணும் ஆகாது."

பை வித்தை பரவியது. 'டோரீன் போடுறது' என்ற சொல் பிறந்தது. முதல் முறை கேட்டபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெர்சிமன் பழப் புட்டிங் செய்து அலுவலகத்துக்கே கொண்டுவந்தாள். "என் வீட்டுக்காரன்ட்ட சொன்னேன் கார்லா. நாப்பது வருஷமா டிராக்டரக் கழட்டிப் பூட்டுறியே, எவனாவது ஒம் பேரச் சொல்லி ஒரு வேலைய செய்யுறானான்னு கேட்டேன். அவன் மூஞ்சியப் பாக்கணும்." அன்று நானும் சிரித்தேன். புட்டிங் நன்றாகத்தான் இருந்தது.

ஆறாவது வருஷம் ஒரு வீட்டில் போன் செய்தார்கள். ஆற்றோரத்துச் செங்கல் வீடு. அண்ணன் இரவில் ஒரு புதுப் பையனுக்கு மூச்சு தடுமாறியது. டிலன் என்ற சங்கத் தலைவன், இருபத்தோரு வயது, ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். பையன் பிழைத்துக்கொண்டான். டோரீன் திங்கட்கிழமை காலை அந்த வீட்டுக்கே போய் டிலனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் வேலைக்கு வந்ததே அந்த ஒரு போனுக்காகத்தான்.

நான்கு வாரத்தில் கல்லூரி அந்த வீட்டை நான்கு வருஷத்துக்கு மூடியது. ஆம்புலன்ஸ் வந்ததால்தான் உள்ளே நடந்த ராகிங் வெளியே தெரிந்தது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியாதே. கடிதத்தை அடித்தவள் நான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

டோரீன் டீன் அறைக்குள் போன பிறகும் கதவு திறந்தே இருந்தது. அவர் குரல் எனக்குக் கேட்டது. "போன் பண்ண பையனுக்கு ஒண்ணும் ஆகலையே டோரீன். அவன் படிக்கிறான். வீட்டு மேலதானே நடவடிக்கை."

"அவனுங்களுக்கு வீடுதான் சார் உசுரு. நான் சத்தியம் பண்ணிருக்கேன்."

"நீங்க ஏன் சத்தியம் பண்ணீங்க? கல்லூரி பண்ணலையே."

ராகிங் செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வேண்டும், இன்னும் கூடவே வேண்டும். ஆனால் மற்ற பத்து வீடுகளும் அந்தக் கடிதத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டன? ராகிங் செய்யக் கூடாது என்றா? போன் செய்யக் கூடாது என்று கற்றுக்கொண்டன. எந்த முட்டாளுக்கும் புரிகிற விஷயம். எங்கள் டீனுக்கு மட்டும் புரியவில்லை.

வாசலுக்கு மேலிருந்த எழுத்துகளை ஏணி வைத்துக் கழற்றிய அன்று டிலன் அலுவலகத்துக்கு வந்தான். கத்துவான் என்று பயந்தேன். அவன் கத்தவில்லை. "நீங்க சொன்னதத்தான் செஞ்சோம், மிஸ் டோரீன்," என்றான். அவ்வளவுதான்.

அடுத்த செப்டம்பர் வகுப்பில் 'ஒண்ணும் ஆகாது' என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அவளால் பொய் சொல்ல முடியாது, அது அவளுடைய கேடு. போன் பண்ணு என்று மட்டும் சொன்னாள், அதுவும் வேகமாக, யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்பது போல. கால் மணி நேரம் காலியாகிவிட்டது. அதைப் பையால் நிரப்பினாள். எந்தப் புத்தகம் கனம், பட்டை எவ்வளவு இறுக்கம், கீழ்க்கை எங்கே மடிய வேண்டும், மேல்கால் எப்படி மடங்க வேண்டும். பையன்கள் இரண்டிரண்டு பேராகப் பழகிப் பார்த்தார்கள். வேதியியல் புத்தகம்தான் இருப்பதிலேயே நல்லது என்று முடிவாயிற்று. முட்டிவலி என்பதால் அந்த வருஷம் முதல் நான்தான் அவளைக் காரில் கூட்டிப்போனேன். பத்து வீட்டிலும் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பையன்கள் இப்படிக் கவனமாகக் கேட்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, நவம்பரில், வெஸ்லி ஹாட்ச் இறந்தான்.

பக்கத்து மாவட்டத்துப் பையன். அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். சங்கத்தில் அவனுக்குக் கிடைத்த அண்ணன் கானர் பீலர் என்பவன். குடும்பப் பாட்டில் போர்பன் விஸ்கி. வெஸ்லி முக்கால் பாட்டிலைக் குடித்துவிட்டுச் சரிந்தான். கானர் அவனை அப்படியே விட்டுவிட்டு ஓடவில்லை. இதை நான் கானருக்காகச் சொல்லியாக வேண்டும். பக்கவாட்டில் திருப்பினான். பையில் இரண்டு புத்தகம் வைத்து மாட்டினான். பட்டையை இறுக்கினான். கீழ்க்கையும் மேல்காலும் அவள் சொன்னபடியே. விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சங்கத்தின் வாட்ஸப்பில் ஒரு படம் போட்டான், கீழே எழுதியிருந்தான்: 'டோரீன் போட்டாச்சு. பத்திரமா இருக்கான்.' எட்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

காலையில் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை. வாந்தியே இல்லை. அவ்வளவு சாராயம் உள்ளே போனால் மூளை மூச்சுவிடுவதையே மறந்துவிடும் என்று டோரீன் எனக்குச் சொன்னாள். எப்படிப் படுத்திருந்தாலும் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் குழாய் வைத்தால் பிழைப்பான், வேறு வழியே கிடையாது. "பை அது வேலைய சரியா செஞ்சிருக்கு கார்லா," என்றாள். மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

விசாரணை கல்லூரி நூலகத்தின் மேல்மாடியில், ஒரு மத்தியானம். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று கேட்டார்கள். கோட்டும் டையும் கட்டிவந்திருந்த கானர் எழுந்து நின்றான்.

"கூப்பிடுற அளவுக்கு ஆபத்து இல்லைன்னு நெனச்சோம் சார். மிஸ் டோரீன் காட்டுன மாதிரி எல்லாம் சரியா செஞ்சிருந்தோம்."

சொல்லிவிட்டு அவன் டோரீனைப் பார்த்தான். குற்றம் சொல்கிற பார்வையாக இருந்திருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். சரியாகத்தானே செய்தேன், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கிற பார்வை. அந்தப் பையனுக்கு அப்போதும் புரியவில்லை.

வெளியே வராந்தாவில் வெஸ்லியின் அம்மா டோரீனைப் பிடித்து நிறுத்தினார். பேருந்து நிறுவனச் சட்டைதான் போட்டிருந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பக்கவாட்டுல படுக்கவெச்சா போதும்னு நீங்க சொன்னீங்களா?"

கல்லூரி வக்கீல்கள் டோரீனிடம் எதுவும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் பேசினாள். "போதும்னு சொல்லல. ஆனா போதும்னு நெனச்சுக்கற மாதிரி சொன்னேன்."

அந்த அம்மா, "அவனுக்குப் பக்கவாட்டுல படுத்தா தூக்கமே வராது. சின்ன வயசுலேருந்தே," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். டோரீன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து அழுதோம்.

அவள் வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நான் விடச் சொன்னேன். வீட்டுக்காரர் ஜீனும் விடச் சொன்னார். "விட்டுட்டா அவனுங்க பைய மட்டும் வெச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பானுங்க," என்றாள். "நான் ஆரம்பிச்சத நாந்தான் பிடுங்கணும்." அடுத்த செப்டம்பர், பை இல்லாத வகுப்பு. வெஸ்லியின் வீட்டையும் சேர்த்து மூடிய இரண்டு வீடுகள் போக ஒன்பது வீடு. அவளுடைய திட்டம் ஒன்றே ஒன்றுதான்: இவர்களை எப்படியாவது போனை எடுக்க வைப்பது. ஒரே ஒரு வீட்டில் எடுத்தால்கூடப் போதும் என்றாள்.

முதல் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மற்ற எட்டிலும் முடிவு ஒன்றுதான்.

சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்திருந்தார்கள், கூடத்தில் இன்னும் வெயில் இருந்தது. அறுபத்தோரு வயதில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வெஸ்லி எப்படி இறந்தான் என்று நிமிஷம் நிமிஷமாகச் சொன்னாள். தன் தப்பையும் சேர்த்தே சொன்னாள். பையன்கள் அசையாமல் கேட்டார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு முன் வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். புதுப் பையன். மரியாதையான பையன்.

"மிஸ் டோரீன், நாங்க போன் பண்ணா வீட்ட மூடுவாங்களா?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் கீழே குனிந்துகொண்டேன். வீட்டை மூடிய கடிதத்தை அடித்தவள் நானல்லவா.

"மூடுவாங்க," என்றாள். "மூடட்டும். கூப்பிடுங்க."

பின்னால் சாய்ந்திருந்த மூத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே பையன் மறுபடி கையைத் தூக்கினான்.

"அப்போ அந்தப் பை எப்படிப் போடறதுன்னு காட்டறீங்களா? நீங்கதான் கரெக்டா காட்டுவீங்கன்னு சீனியருங்க சொன்னாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து அவன் காதைத் திருகியிருப்பேன். டோரீன் எழுந்தாள். நாற்காலியைப் பிடித்து, சோபாவைப் பிடித்து, மெதுவாகத் தரையில் இறங்கினாள். "சரி. நான் படுக்கறேன். நீங்க போடுங்க," என்றாள். நான் "டோரீன், வேண்டாம்" என்றேன். அவள் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தாள்.

அவளைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். முட்டி வலிக்காமல் பூப்போலத்தான் செய்தார்கள், பாவிகள். பை வந்தது, புத்தகம் வந்தது, பட்டையை இறுக்கினார்கள். ஒரு மூத்தவன் கீழ்க்கையைச் சரியான இடத்தில் மடித்து வைத்தான். "பாத்துக்கடா, இப்படித்தான்," என்று புதியவர்களுக்குக் காட்டினான். "இனிமே புரள மாட்டாங்க. அவ்ளோதான்." அவ்வளவுதான் என்றதும் வட்டம் தளர்ந்தது. ஒருவன் கைப்பேசியை எடுத்தான். இரண்டு பேர் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

நான் மட்டும்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் நெஞ்சு அசையவில்லை. முகம் சிவந்துகொண்டே வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தபோது அவள் பெரிதாக மூச்சை இழுத்து இருமினாள். பையோடு எழ முடியாமல் தரையிலிருந்தபடியே பேசினாள்.

"அர நிமிஷத்துக்கு மேல மூச்சு விடல நான். எவனாவது பாத்தீங்களா?"

யாரோ ஒருவன் சிரித்தான். "செம, மிஸ் டோரீன்," என்று கைதட்டினான். எல்லோரும் தட்டினார்கள். உண்மையான பாராட்டுதான் அது. நான்கு பேர் சேர்ந்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள், ஒருவன் தண்ணீர் கொண்டுவந்தான். தலைவன் வாசல்வரை வந்து, இதுவரை நடந்ததிலேயே இதுதான் நல்ல வகுப்பு என்று சொல்லி வழியனுப்பினான்.

மற்ற எட்டு வீடுகளுக்கும் டோரீன் போனாள். பை மாட்டிக் காட்டச் சொன்னபோது ஒவ்வொரு வீட்டிலும் 'முடியாது' என்றாள். ஒவ்வொரு வீட்டிலும், பரவாயில்லை, எங்களுக்கே தெரியும் என்றார்கள்.

மே மாதம் ஆண்டறிக்கை அடித்தேன். டீன் ப்ராஸ்னன் ஒரு பத்தி எழுதிக் கொடுத்திருந்தார். சங்க வீடுகளிலிருந்து இந்த ஆண்டு ஆம்புலன்ஸுக்கு ஓர் அழைப்பும் போகவில்லை, பாதுகாப்புப் பயிற்சிக்குக் கிடைத்த பெரிய வெற்றி, பயிற்சியாளர் டோரீன் ஷ்வாபுக்குக் கல்லூரியின் நன்றி. அடித்து முடித்து, அவளுக்குக் காட்டாமல் இருக்க மனசு வராமல், காகிதத்தை எதிர் மேசையில் வைத்தேன்.

இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒண்ணுகூட வரலையா?"

"ஒண்ணுகூட வரல."

"ஒம்பது வீடு. ஒரு வருஷம். எத்தன பேருக்குப் பைய மாட்டி படுக்கவெச்சிருப்பானுங்க கார்லா?"

"எனக்கெப்படித் தெரியும்? எல்லாரும் பொழச்சுக்கிட்டானுங்களே. அத நெனச்சுக்கோ."

"அதான்," என்றாள். "அத்தன பேரும் இப்ப அந்தப் பைய நம்புவானுங்க."